சேனலைக் கிண்டல் செய்யும் நாடகமும் சேனல் செய்ததையேதான் செய்கிறதா?

மேடைவிளிம்பு
பிப்ரவரி 3, இரவு 9.15

நான் எழுதிய எழுபத்தைந்து நிமிட நாடகம். தமிழ்ச் செய்திச் சேனல் ஒன்றின் ஒரே ஒரு இரவு. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போன பையனின் அம்மாவை நேரலையில் நிறுத்தி நெறியாளர் கேள்வி கேட்கிறார். அதுதான் மையக் காட்சி.

வாசிப்பு நடந்தது. நெறியாளர் வாயைத் திறந்தாலே சிரிப்பு, அவர் எழுந்து போகும்போது கைதட்டல். அம்மா அழும் ஐந்து நிமிடமும் ஊசி விழுந்தால் கேட்கும், முடிந்ததும் அதற்கும் கைதட்டல். வில்லன் ஹீரோவாகிவிட்டான், சாவை வைத்துக் கைதட்டு வாங்கியாகிவிட்டது.

என் வாதம்: ஊடகச் சுரண்டலைக் கிண்டல் செய்கிற நாடகம் எல்லாமே அதே சுரண்டலை டிக்கெட் போட்டுச் செய்கிறது. இல்லை என்கிறவர்கள் காட்சியாகச் சொல்லுங்கள், தத்துவம் வேண்டாம். கூடவே ஒரு சில்லறைக் கேள்வி: மேடையில் நிஜக் கேமரா வைத்து அம்மாவின் முகத்தைப் பின்திரையில் பெரிதாகக் காட்டலாமா? கையில் ஒரு புரொஜெக்டர்தான் இருக்கிறது.

பழையடெஸ்க்
பிப்ரவரி 3, இரவு 10.40

நெறியாளரை நடுவில் வைத்து எழுதினால் இப்படித்தான் ஆகும். வெளியில் தெரிகிற ஆள் அவர் ஒருவர்தான் என்பதால் எல்லாரும் அவரையே எழுதுகிறார்கள். அவர் காதில் ஒரு இயர்பீஸ் இருக்கிறது. அதன் மறுமுனையில் பிசிஆர், அதாவது ஒளிபரப்பை ஓட்டும் கட்டுப்பாட்டு அறை. அங்கே பேனல் புரொட்யூசர், ஸ்விட்சர், ஆடியோ, கிராபிக்ஸ், ப்ராம்ப்டர் என்று ஆளாளுக்கு ஒரு வேலை. அதற்கு முன்னால் இரண்டு டெஸ்க்: ஊரிலிருந்து செய்தி அனுப்பும் ஸ்ட்ரிங்கரைத் துரத்தி மேட்டரைக் கொண்டுவருவது இன்புட், எது எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது அவுட்புட். அம்மாவைப் பிழிவது இந்த மொத்த வரிசையும்தான். அதில் யாரும் கெட்டவன் கிடையாது, எல்லாரும் ஒன்பது மணி புல்லட்டினைக் காப்பாற்றுகிறார்கள்.

வசனத்தில் நக்கல் வைக்காதீர்கள், நடைமுறையை அப்படியே வையுங்கள்:

"அம்மா ரெடியா?"
"ரெடி சார். அழுதுட்டிருக்காங்க."
"இப்ப வேணாம், பிரேக் முடிஞ்சு வர்றேன். அதுவரைக்கும் அப்படியே வெச்சிரு."

இதில் சிரிக்க ஒரு வார்த்தை கிடையாது. சிரிப்பவன் தன் சிரிப்பைத் தானே கேட்டு நிறுத்திக்கொள்வான். 'வெச்சிரு' என்ற சொல்லைச் சொல்கிற நடிகர் அதற்கு அழுத்தம் கொடுக்கக் கூடாது. டீ சொல்கிற குரலில் வர வேண்டும்.

ஸ்ட்ரிங்கரையும் மறந்துவிடாதீர்கள். அவருக்கு மாதச் சம்பளம் இல்லை, ஒளிபரப்பான செய்திக்குத்தான் காசு. வண்டிப் பெட்ரோல், மைக், சில இடங்களில் கேமராவே அவருடையது. ஒரே ஆள் நாலைந்து சேனலுக்குக் கொடுப்பதால் மைக்கில் மாட்டும் லோகோ கியூப் நாலைந்தைப் பையில் வைத்திருப்பார். அம்மா வேறு சேனலுக்கு முதலில் பேசிவிட்டால் அன்றைய கூலி போச்சு. அவர் அவசரப்படுவதற்குக் காரணம் வயிறு. அதை எழுதினால் நாடகத்தில் சுரண்டப்படுகிறவர் இரண்டு பேர் ஆவார்கள், ஒருவர் இன்னொருவரைச் சுரண்டிக்கொண்டு.

கறுப்புத்துணி
பிப்ரவரி 4, காலை 7.05

நேரலைக் கேமரா பற்றி. முடியும், ஆனால் செய்ய வேண்டாம் என்பது என் கட்சி. செய்தே தீருவேன் என்றால் கீழே உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாமதம்தான் முதல் எதிரி. நொடிக்கு 25 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. கேமரா, ஸ்விட்சர், புரொஜெக்டர் ஆளுக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் தின்னும். நான்கு ஃபிரேம் தாண்டினால் உதடும் குரலும் ஒட்டாது. ஆளும் திரையும் ஒரே பார்வையில் படுவதால் டிவியைவிட மேடையில் இது பச்சையாகத் தெரியும். வயர்லெஸ் எச்டிஎம்ஐ வேண்டாம், எஸ்டிஐ கேபிள் இழுங்கள். படத்தின் சாய்வைச் சரிசெய்யும் கீஸ்டோன் திருத்தத்தை அணைத்துவிட்டு புரொஜெக்டரையே நேராகத் தூக்கி மாட்டுங்கள். கேமரா முதல் திரைவரை ஒரே ரெசல்யூஷன் வையுங்கள், நடுவில் எவனும் அளவை மாற்றக் கூடாது.

ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், ஆட்டோ ஃபோகஸ் மூன்றையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் விளக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் முகம் வெளுத்து மறுபடி கறுக்கும். ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதோடு ஒட்டாத எண் வைத்தால் சில விளக்குகளில் பட்டை ஓடும். டிம் செய்த மலிவு எல்இடிக்கு 1/50 வைத்தாலும் துடிக்கும், முன்கூட்டியே கேமரா வழியாகப் பார்த்துத் தொலைத்துவிடுங்கள்.

பின்புரொஜெக்‌ஷன் என்றால் இடம் கணக்குப் போடுங்கள். த்ரோ விகிதம் 1.5 உள்ள லென்சில் 3 மீட்டர் அகலத் திரைக்குப் பின்னால் 4.5 மீட்டர் வேண்டும். பல அரங்கில் அந்த இடத்தில் சுவர்தான் இருக்கும். முன்புரொஜெக்‌ஷன் என்றால் நடிகர் திரைக்கு ஒன்றரை மீட்டராவது முன்னால் நிற்க வேண்டும், முகவிளக்கு செங்குத்தாக விழ வேண்டும். இல்லையென்றால் திரை சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகுதான் பெரிய கோளாறு. மூன்று மீட்டர் முகம் இருக்கும்போது யாரும் ஆளைப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் திட்டுகிற குளோசப்பை நீங்களே போட்டு, அதுவும் நன்றாகவே போட்டு...

மேடைவிளிம்பு
பிப்ரவரி 4, காலை 11.30

கேமராவுக்கு முழுக்கு. ஸ்ட்ரிங்கரும் இன்புட்டும் போனில் பேசுவதிலிருந்தே நாடகத்தைத் தொடங்கலாம் போலிருக்கிறது.

வேறொன்று. நெறியாளரின் மேசை ஓரத்தில் டிஆர்பி எண் ஓடிக்கொண்டே இருக்கும், அம்மா அழ அழ ஏறும். அது வேலை செய்யுமா?

பழையடெஸ்க்
பிப்ரவரி 4, பகல் 12.10

செய்யாது. டிஆர்பி அப்படி ஓடாது. பார்க் (BARC) என்ற அமைப்பு, மாதிரிக்கு எடுத்த வீடுகளில் மீட்டர் வைத்து வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, எண்ணை வெளியிடுகிறது. அதுவும் செய்திச் சேனல்களுக்கு 2020 அக்டோபரில் தனித்தனி ரேட்டிங்கையே நிறுத்திவைத்தார்கள். ரேட்டிங் முறைகேடு என்று மும்பை போலீஸ் வழக்குப் போட்ட சமயம் அது. 2022 மார்ச்சில் திரும்ப வந்தபோது நான்கு வார சராசரியாக வந்தது. ஒரு இரவில் ஒரு அம்மா அழுததற்கும் அந்த எண்ணுக்கும் கண்ணுக்குத் தெரிகிற தொடர்பே கிடையாது.

நொடிக்கு நொடி ஏறி இறங்குவது யூடியூப் லைவ் எண்தான். டிஜிட்டல் பையன் ஒருவனை மேடை ஓரத்தில் செல்போனோடு உட்காரவைத்து எண்ணை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். "நாலாயிரத்து இருநூறு... நாலாயிரத்து அறுநூறு... பிரேக் போட்டீங்களா? மூவாயிரத்து நூறு." விளக்கம் தேவைப்படாது.

அரைவக்கீல்
பிப்ரவரி 4, பகல் 12.25

பிரேக் என்றதும் நினைவு வந்தது. கேபிள் டிவி விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம், அதில் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். நீங்கள் 75 நிமிடத்தில் பன்னிரண்டரை நிமிடம் ஊறுகாய் விற்கலாம், சட்டம் அனுமதிக்கிறது.

பின்பாட்டு
பிப்ரவரி 4, இரவு 8.50

எதற்கு இத்தனை மெஷின்? கூத்தில் இல்லாத ஊடகமா? நெறியாளரைக் கட்டியங்காரனாக்கிவிடுங்கள். ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுகிறவனும் அவன், ராஜாவை வாரிவிடுகிறவனும் அவன். கதைக்குள்ளும் இருப்பான், சபைக்குள்ளும் இருப்பான். பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்களே, அதுதான் பிரேக்கிங் நியூஸ். "பரபரப்பு" என்று அவன் விட்டால் நாலு பேர் "பரபரப்பு, பரபரப்பு" என்று ஏந்திக்கொள்வார்கள். சேனல் மியூசிக்குக்கு முகவீணை போதும். அதைவிடக் காதைக் கிழிக்கிற ஸ்டிங் எந்தக் கம்ப்யூட்டரிலும் வராது.

மேடைவிளிம்பு
பிப்ரவரி 4, இரவு 9.20

ஆனால் கட்டியங்காரனைச் சபைக்குப் பிடிக்கும், தோழர். பிடிக்காமல் கூத்தே நடக்காது. நெறியாளருக்கு விழும் கைதட்டுதான் என் பிரச்சினையே.

பின்பாட்டு
பிப்ரவரி 5, காலை 6.30

சரி, நியாயம். அப்படியென்றால் நெறியாளர் வேண்டாம், ஃப்ளோர் மேனேஜரைக் கட்டியங்காரனாக்குங்கள். ஸ்டூடியோவில் விரல் காட்டி ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணுகிறவன். அவனுக்கு அதிகாரம் கிடையாது, எல்லாம் தெரியும். சபையைப் பார்த்துப் பேச அவனுக்குத்தான் உரிமை. பின்பாட்டுக் கோஷ்டியை பிசிஆர் ஆக்கிவிடுங்கள். ஹார்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை நால்வரும் பெஞ்சில் வழக்கமான இடத்தில் பின்னால். நெறியாளர் காதில் விழுவதெல்லாம் அவர்கள் பாட்டாக வரும். அவர் சொல்கிற ஒவ்வொரு வாக்கியமும் ஏற்கெனவே பின்னால் பாடப்பட்டுவிட்டது என்று சபைக்குத் தெரிந்தால் அவருக்கு எவன் கைதட்டுவான்? வழக்கமாக முன்னால் இருப்பவன் பாட, பின்னால் இருப்பவன் வாங்குவான். இதில் தலைகீழ்.

பழையடெஸ்க்
பிப்ரவரி 5, காலை 9.00

இது பிரமாதம். ஒரு சேர்க்கை: கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி.

செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் ஒருமுறை ஏறி இறங்கவே கால் நொடி. இப்போது பெரும்பாலும் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் ஓபி வேன் இல்லை, செல்போன் நெட்வொர்க்கில் படம் அனுப்பும், நாலைந்து சிம் போட்ட பேக்பேக். அதில் படம் வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நொடி. ஆகவே நெறியாளர் கேள்வியை முடித்த பிறகும் அம்மா சும்மா நிற்பார். வீட்டில் பார்ப்பவனுக்கு அது துக்கத்தில் வாயடைத்துப்போன முகம். உண்மையில் கேள்வி இன்னும் அவர் காதுக்கே போய்ச் சேரவில்லை.

இதை மேடையில் நிஜ நேரத்தில் காட்டுங்கள். அவர் கேட்கிறார், இரண்டு நொடி யாரும் அசையவில்லை, பிறகுதான் அம்மாவின் காதில் கேள்வி விழுகிறது. அந்த இரண்டு நொடிக்குள் பிசிஆர் "அப்படியே பிடி, கட் பண்ணாதே" என்று பாடி முடித்திருக்கும்.

இன்னொரு கோளாறும் உண்டு. மிக்ஸ்-மைனஸ் போடாமல், அதாவது அவர் குரலை மட்டும் கழிக்காமல், மொத்த ஒலியையும் அம்மாவின் காதுக்கு அனுப்பிவிட்டால் தன் குரலே இரண்டு நொடி கழித்துத் திரும்பிக் கேட்கும். பழக்கமில்லாதவர் அந்த எதிரொலிக்குக் குழம்பி நடுவில் நிறுத்திவிடுவார். உடனே நெறியாளர் "துக்கத்தில் பேச முடியாமல் தவிக்கிறார்" என்பார். ஆடியோக்காரர் ஒரு பொத்தானை மறந்ததன் விளைவு அது.

கறுப்புத்துணி
பிப்ரவரி 5, பகல் 1.15

கேமராவுக்குப் பதில் வெறும் சட்டம் போதும். 25 மில்லிமீட்டர் அலுமினியச் சதுரக் குழாய், உள் அளவு 160க்கு 90 செ.மீ. மொத்தம் ஐந்து மீட்டர் சொச்சம், எடை இரண்டு கிலோவுக்குள். மரத்தில் செய்தால் கனம் கூடும், எட்டு நிமிடக் காட்சியில் பிடிப்பவர் கை நடுங்கும். நாலு மூலையிலும் உட்புறம் முக்கோணத் தகடு அடியுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் காட்சியிலேயே சாய்சதுரம் ஆகிவிடும். மேட் கறுப்பு அடியுங்கள், பளபளப்பு வேண்டாம்.

ஸ்ட்ரிங்கர் அதைத் தூக்கிப் பிடித்து நிற்பார். சட்டத்துக்குள் தெரிவது டிவி, வெளியே தெரிவது ஊர். சபைக்கு இரண்டும் தெரியும், வீட்டில் பார்ப்பவனுக்கு ஒன்றுதான் தெரியும் என்பதும் தெரியும்.

குளோசப்புக்குச் சட்டத்தை முன்னே தள்ளினால் போதும் என்று நினைக்காதீர்கள், அது நடக்காது. 64க்கு 36 அளவில் இரண்டாவது சட்டம் வேண்டும். இரண்டுமே நடிகரிடமிருந்து 30, 40 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். தள்ளிப் பிடித்தால் ஓர இருக்கைக்காரனுக்கு அம்மா சட்டத்துக்கு வெளியே போய்விடுவார், பின்னால் இருக்கும் தூண்தான் நேரலையில் தெரியும்.

மேடை முழுக்க மஞ்சள் சாய்ந்த 3200 கெல்வின், சட்டத்தின் மேல் விளிம்பில் பேட்டரி எல்இடி பேனல் ஒன்று 5600இல். எரிந்ததும் முகம் தட்டையாக, நீலம் பாய்ந்து, செய்தி முகமாகிவிடும். அணைந்ததும் மறுபடி ஒரு பொம்பளை.

மூன்றாம்மணி
பிப்ரவரி 5, இரவு 10.05

எல்லாரும் சட்டம், குழாய், சிம் என்று போய்விட்டீர்கள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இதுவரை இந்த நாடகத்தில் அவர் வேலை அழுவது. நடிக்க வருகிற பெண்ணுக்குத் தினமும் அதே ஐந்து நிமிடம் தொண்டை கிழிய வேண்டும்.

மேடைவிளிம்பு
பிப்ரவரி 5, இரவு 10.30

அவரைப் பேசாமலே நிறுத்தலாம் என்று நினைத்தேன். நெறியாளர் கேட்கக் கேட்க மௌனம். டெட் ஏர். சேனலே பதறும்.

மூன்றாம்மணி
பிப்ரவரி 5, இரவு 11.10

டெட் ஏர் நல்ல காட்சிதான், பத்து நொடிக்கு. அதற்கு மேல் போனால் அவரைத் தெய்வமாக்குகிறீர்கள். அழுகிற ஏழை, பேசாத ஏழை, இரண்டுமே எழுதுகிறவனுக்கு வசதி. கழிவுநீர்த் தொட்டிச் சாவில் அந்த வீட்டுக்காரர்களுக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. 7ஆம் பிரிவு தடை, 9ஆம் பிரிவு தண்டனை: முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இழப்பீடு 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது 10 லட்சம், 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக்கியது. ஆனால் எஃப்ஐஆரில் வெறும் 'விபத்து' என்று எழுதிவிட்டால் பின்னால் எல்லாமே இழுக்கும். இறக்கிவிட்ட ஒப்பந்தக்காரர் கொஞ்சம் பணத்தோடு வீட்டுக்கு வந்து கையெழுத்துக் கேட்பார்.

ஆக அந்த அம்மாவுக்கு அழ நேரமில்லை. எஃப்ஐஆர் நகல் கையில் இருக்கிறது. அதில் அந்தச் சட்டப் பிரிவு இல்லை. அதை லைவில் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அவர் சேனலுக்கு வரச் சம்மதித்திருக்கிறார். அவரும் சேனலைப் பயன்படுத்தத்தான் வந்திருக்கிறார். இனி எழுதுங்கள்.

கறுப்புத்துணி
பிப்ரவரி 6, காலை 6.50

ராத்திரி தூக்கம் போச்சு. கேளுங்கள்.

சட்டத்தின் கீழ் விளிம்பில் 18 செ.மீ. அகலச் சிவப்புத் துணிப்பட்டை கட்டுவோம், அதுதான் ஆஸ்டன், டிவித் திரையின் அடியில் வரும் தலைப்புப் பட்டை. 'மகனை இழந்த தாய் கதறல்'. அம்மா அந்த ஏ4 தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கிறார். சரியாக அந்த இடத்தில்தான் பட்டை. தாள் மறைந்துவிடும். அவர் தாளைக் கொஞ்சம் உயர்த்துகிறார். பின்பாட்டுக் கோஷ்டி "டைட் போ" என்கிறது. சின்னச் சட்டம் வருகிறது, முகம் மட்டும். தாள் வெளியே. அவர் தாளை முகத்துக்கு நேராகவே தூக்குகிறார். "முகம் மறையுது, கையைக் கீழே இறக்கச் சொல்லு." ஸ்ட்ரிங்கர் ஒரு கையில் சட்டத்தைப் பிடித்தபடி மறுகையால் அவர் மணிக்கட்டை மெதுவாக, மரியாதையாக, கீழே இறக்குகிறார். "அம்மா, கொஞ்சம் கையை மட்டும்..."

யாரும் அழவில்லை. எல்லாம் சபைக்கு முன்னால் நடக்கிறது.

ஒத்திகையில் அம்மாவின் முழங்கை உயரத்தை அளந்து பட்டையைக் கட்டுங்கள். வேறு நடிகை போட்டால் மறுபடி அளக்க வேண்டும். தாளில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள், கடைசி வரிசைக்கும் அது 'காட்டப்பட வேண்டிய தாள்' என்று தெரியும்.

பழையடெஸ்க்
பிப்ரவரி 6, காலை 8.20

நெறியாளரைக் கேள்வியை மாற்ற விடாதீர்கள். அம்மா "எஃப்ஐஆர்ல பிரிவு போடலைங்க" என்று சொல்லத் தொடங்கும்போது அவர் கெட்ட எண்ணத்தோடு குறுக்கிடக் கூடாது. ஸ்லாட் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். "மிக்க நன்றிம்மா, உங்கள் துயரத்தில் பங்கெடுத்துக்கொள்கிறோம்" என்று நிஜமான கனிவோடு சொல்வார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஆடியோ ஃபேடர் இறங்கும். அவர் வாய் அசைந்துகொண்டே இருக்கும். விவாத நிகழ்ச்சியிலும் இதே உத்தி. எட்டு ஜன்னல் போட்டு எட்டு நடிகர்கள் கத்தினால் சபைக்கு ஒன்றும் புரியாது, ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். ஃபேடர் ஏறுகிறவருக்குக் குரல், இறங்குகிறவருக்கு வாய் மட்டும். மிருதங்கக்காரர் கையை உயர்த்தித் தாழ்த்தினால் ஃபேடர். மைக்கே தேவையில்லை.

பின்பாட்டு
பிப்ரவரி 6, மாலை 5.40

ஒப்பாரியை முழுக்கத் தூக்கிவிடாதீர்கள். ஒப்பாரி என்றால் விம்மல் என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. நிஜ ஒப்பாரியில் வழக்கு இருக்கும். செத்தவனைத் திட்டுவாள், விட்டுப்போனதுக்கு. கடன் கொடுத்தவன் பெயர் வரும், வராத சொந்தக்காரன் பெயர் வரும். லைவ் முடிந்து எல்இடி அணைந்த பிறகு, சட்டத்தைக் கீழே வைத்து ஸ்ட்ரிங்கர் வயர் சுருட்டும்போது அவள் பாடட்டும். ஒப்பந்தக்காரன், தொட்டிக்காரன், கையெழுத்துக் கேட்டவன் எல்லாரும் அந்தப் பாட்டில் வரட்டும். சேனலுக்குத் தேவையான செய்தி மொத்தமும் அதில் இருக்கும், எடுக்க ஆளில்லை.

மூன்றாம்மணி
பிப்ரவரி 6, இரவு 7.15

சம்மதம். இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். முடிவில் விளக்கை அணைக்காதீர்கள், அணைத்தால் கைதட்டுவார்கள். அடுத்த காட்சியின் போன் மணி அவர் கடைசி அடியின் மேலேயே அடிக்க வேண்டும்.

மராத்தி நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கரின் 'கமலா' நாடகம் இதற்கு ஒரு பாடம். 1981இல் இந்தியன் எக்ஸ்பிரஸ் நிருபர் பெண் விற்பனையை நிரூபிக்க ஒரு பெண்ணை 2,300 ரூபாய்க்கு வாங்கிச் செய்தியாக்கினார். அதை வைத்து எழுதிய நாடகத்தில் விலை 250 ரூபாய். வாங்கப்பட்டவள் அதில் மேடையில் இருப்பது கொஞ்ச நேரம்தான். ஆனால் நிருபரின் மனைவியிடம் அவள் கேட்கிற ஒரு கேள்வி, உன்னை எவ்வளவுக்கு வாங்கினார் என்பது, மொத்த நாடகத்தையும் அந்த வீட்டுப் பக்கம் திருப்பிவிடுகிறது. அவள் அப்பாவியாக, தகவலுக்காகக் கேட்கிறாள். பரிதாபத்தை வாங்கவில்லை, கணக்குக் கேட்கிறாள். உங்கள் அம்மாவும் ஸ்ட்ரிங்கரிடம் ஒன்று கேட்கலாம்: "தம்பி, நான் பேசுனதுக்கு உனக்கு எவ்வளவு தருவாங்க?"

மேடைவிளிம்பு
பிப்ரவரி 6, இரவு 8.00

இந்த ஒரு வரிக்கு ஸ்ட்ரிங்கர் தொகையைச் சொல்ல வேண்டுமா, மழுப்ப வேண்டுமா?

பழையடெஸ்க்
பிப்ரவரி 6, இரவு 8.10

"ஓடுனா தருவாங்கம்மா."

அரைவக்கீல்
பிப்ரவரி 7, காலை 10.00

பிரதியில் சட்டச் சங்கதிகள். நெறியாளர் "பிரஸ் கவுன்சில் பார்த்துக்கும்" என்று பயப்படும் வரியை எடுத்துவிடுங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அது அச்சு ஊடகத்துக்கு மட்டும். கண்டிக்கும், எச்சரிக்கும், அபராதம் போடாது. டிவிக்குப் பெரும்பாலும் சேனல்கள் தாங்களே வைத்துக்கொண்ட ஆணையம்தான். அதில் அபராத உச்சவரம்பு 2008 தொடங்கி ஒரு லட்சமாகவே இருந்தது. இது எவனைத் தடுக்கும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது. இதை வசனமாக்க வேண்டாம், காட்சியாக்குங்கள்: கணக்காளர் வருகிறார், அபராத ரசீதைப் பூக்காரர் பில்லுக்கும் ஏசி சர்வீஸ் பில்லுக்கும் நடுவில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்.

சேனல் பெயர்: கற்பனைதான் என்றாலும் லோகோ, நிறம், ஸ்லோகன் எதுவும் நிஜச் சேனலை நினைவூட்டக் கூடாது. அவதூறு இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 356ஆம் பிரிவு. பெயர் சொல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் காண முடிந்தால் வழக்கு நிற்கும். குறிப்பிட்ட ஒரு சாவின் ஊர், தேதி, தொழிற்சாலை விவரங்களை அப்படியே எடுக்காதீர்கள். கதையைப் பாலியல் குற்றமாக மாற்றும் யோசனை யாருக்காவது வந்தால் இன்னும் கவனம். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம், பழைய 228ஏ, இப்போது 72. இறந்தவருக்கும் அது பொருந்தும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

போலீசிடம் பிரதி கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்பீர்கள். 1954ஆம் ஆண்டு தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் அந்தப் பிரிவுகளை நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. அரங்க நிர்வாகம் கடிதம் கேட்டால் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்திருங்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்கு மேல் கிடையாது, முகவீணைக்காரருக்குச் சொல்லிவையுங்கள்.

பின்பாட்டு
பிப்ரவரி 7, காலை 10.20

முகவீணைக்கு எதற்கய்யா ஒலிபெருக்கி?

மூன்றாம்மணி
பிப்ரவரி 7, பகல் 3.30

மேடைக்கு வெளியே இரண்டு விஷயம். போஸ்டரில் அழுகிற முகம் போடாதீர்கள். நாடகம் முழுக்க மறுத்ததை வாசலில் ஒட்டினால் நீங்களும் அதையே செய்கிறீர்கள் என்பது எல்லாருக்கும் புரிந்துவிடும். வெறும் சட்டத்தின் படம் போதும்.

நிஜக் குடும்பம் எதையாவது பார்த்து, கேட்டு எழுதுவதாக இருந்தால் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: அவர்கள் நேரத்துக்குப் பணம், கதைக்கு அல்ல. 'நல்லா' பேசினால் கூடுதல் என்று ஆகிவிடக் கூடாது. எழுதிய பகுதியை வாசித்துக் காட்டி, வேண்டாம் என்றால் எடுத்துவிடும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். முதல் காட்சி வரைக்கும் அந்த உரிமை செல்லும் என்று தேதி போடுங்கள். 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்ற வரி எங்கேயும் வேண்டாம். அது டிக்கெட் விற்கும், அந்த வீட்டு வாசலில் ஆளையும் நிறுத்தும்.

பழையடெஸ்க்
பிப்ரவரி 7, மாலை 6.00

சபையிலிருந்து செல்போனில் எடுத்து நெறியாளர் துணுக்கை மட்டும் போடுவார்கள், அது ஓடும், சேனல்காரர்களே எடுத்துச் சிரித்துக்கொண்டு பகிர்வார்கள். தடுக்க முடியாது. தாள் மறைகிற காட்சியை நீங்களே நல்ல கோணத்தில் 40 நொடிக்கு எடுத்து முதல் நாளே வெளியிட்டுவிடுங்கள். சட்டமும் வெளியே இருப்பதும் ஒரே ஷாட்டில் வர வேண்டும், வெட்டு கூடாது. வெட்டினால் அதுவும் செய்தியாகிவிடும்.

மேடைவிளிம்பு
பிப்ரவரி 8, காலை 9.45

என் முதல் வாதத்தை முழுக்க விடவில்லை. தாள் காட்சிக்கும் கைதட்டுவார்கள், நாடகக்காரனின் சாமர்த்தியத்துக்கு. அதைப் பிறகு பார்க்கலாம். இப்போது ஓடும் ஸ்க்ரோல் வேண்டும், பிசிஆர் பெஞ்சுக்கு மேலே. புரொஜெக்டரில் விடலாமா, துணியா?

கறுப்புத்துணி
பிப்ரவரி 8, பகல் 2.20

துணி. காடா துணி, பாலியெஸ்டர் வழுக்கும். எழுத்து உயரத்துக்குக் கணக்கு: மூன்று மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர். கடைசி வரிசை 18 மீட்டரில் என்றால் 15 செ.மீ. எழுத்து. தமிழில் மேலே கொக்கி, கீழே சுழி இருப்பதால் பட்டை 30 செ.மீ. அகலம் வேண்டும். 45 எழுத்துத் தலைப்பு எட்டு மீட்டர் பிடிக்கும், நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் பதினாறு நொடி. அதற்குமேல் வேகம் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டு பக்கமும் உருளை. முனைகளில் ஒட்டுப்பலகை வட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் துணி சாய்ந்து ஒரு பக்கம் ஏறிச் சுருங்கும். மேல் விளிம்பில் மடித்துத் தைத்துக் கயிறு ஓடவிட்டால் நடுவில் தொங்காது. சுற்றுகிறவர் சபைக்குத் தெரியும்படி உட்காரட்டும். உருளையில் ஒரு முழு சுற்றுத் துணியை வெறுமையாக விட்டுத்தான் எழுத்தைத் தொடங்க வேண்டும், அந்த இடத்தை ஆணி அடித்துவிடுங்கள். பசை போதாது, மூன்றாம் காட்சியில் கழன்றுவிடும்.